அணிவோரும் அணியப்படுவோரும்: ஊடகக் கலையில் உயிருள்ள பூச்சிகள்

கல்லும் மரமும் மையும் கலைஞனின் மூலப்பொருள்களாக இருந்தவரை, அப்பொருள்களின் விருப்பம் யாது என்னும் வினா எழவில்லை. கல்லுக்கு வலியில்லை, மை தப்பியோட முயல்வதில்லை. ஆயின் மேலைநாட்டு ஊடகக் கலைஞர் சிலர் உயிருள்ள பூச்சிகளையும் மின்னணுக் கருவிகளையும் ஒன்றோடொன்று பிணைத்துப் படைக்கத் தொடங்கிய பின் நிலைமை மாறிவிட்டது. அழகு, புதுமை என்னும் இரு அளவுகோல்கள் இங்கே போதா. யார் யாரை அணிந்திருக்கின்றார் என்னும் மூன்றாவது வினாவையும் திறனாய்வாளர் எழுப்பியாக வேண்டும்.

மனிதன் பூச்சியை அணிவது புதிதன்று. மெக்சிகோ நாட்டின் யூகட்டான் பகுதியில் 'மகேச்' எனப்படும் ஆபரணம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பறக்கவியலாத, கடினமான மேலோடுடைய வண்டொன்றின் முதுகில் வண்ணக் கற்களை ஒட்டிச் சிறு சங்கிலியால் ஆடையோடு பிணைத்துவிடுகின்றனர். வண்டு உயிரோடு மார்பில் ஊர்கிறது. சங்கிலியின் நீளமே அதன் உலகம். வண்டாக உருமாறிய காதலன் காதலியின் நெஞ்சருகே வாழ்ந்தான் என்றொரு கதையும் அதற்குண்டு. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ஜாரெட் கோல்ட் அதே முறையை மடகாஸ்கர் கரப்பான்பூச்சிக்குப் பொருத்தி, ஸ்வரோவ்ஸ்கி படிகங்கள் பதித்து விற்பனைக்குக் கொணர்ந்தார். கதை உதிர்ந்தது; அதிர்ச்சி மட்டும் எஞ்சியது. 2010இல் டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் எல்லையில் அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் உயிருள்ள மகேச் ஒன்றைக் கைப்பற்றினர். பூச்சியைக் கொண்டுவருவதற்கான அனுமதி இல்லை என்பதே காரணம். அணிந்தவர் நகையைக் கண்ட இடத்தில் சட்டம் ஓர் உயிரைக் கண்டது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வுறவைத் தலைகீழாக்கியவர் கனடா நாட்டுக் கலைஞர் கார்னெட் ஹெர்ட்ஸ். 2004இல் அவர் தொடங்கிய படைப்பு, கரப்பான்பூச்சியால் செலுத்தப்படும் மூன்று சக்கர இயந்திர வண்டியாகும். கணினிச் சுட்டியில் இருப்பது போன்ற உருள்பந்து அமைப்பின்மீது மடகாஸ்கர் கரப்பான்பூச்சி நிறுத்தப்படுகிறது. அதன் முதுகு வெல்க்ரோவால் பற்றப்பட்டிருக்கும். அது கால்களை அசைக்கப் பந்து உருள்கிறது. பந்து உருளும் திசையிலே வண்டி நகர்கிறது. வண்டியின் உணரிகள் தடையைக் கண்டால், பூச்சியின் முன்னுள்ள விளக்குகளில் அத்திசைக்குரியவை ஒளிர்கின்றன. கரப்பான்பூச்சி ஒளியை வெறுக்கும் இயல்பினது. எனவே திரும்பிச் செல்லும் என்பது எதிர்பார்ப்பு. ஆயினும் அது எப்போதும் அவ்வாறு திரும்புவதில்லை.

இப்படைப்பின் சிறப்பை நாம் அத்'திரும்பாமை'யிலேதான் காண்கிறோம். கணினி நிரல் இடவேண்டிய கட்டளையின் இடத்தில் ஓர் உயிரின் தயக்கமும் பிடிவாதமும் அமர்ந்திருக்கின்றன. வண்டி நின்றால் 'பழுதாகிவிட்டது' என்று நாம் சொல்லமாட்டோம். 'அதற்கு மனமில்லை' என்போம். கால்தூசாக எண்ணி நசுக்கும் பூச்சிக்கு மனமுண்டு என நம் வாயாலேயே சொல்லவைப்பது எளிய சாதனையன்று. மனிதன் அணிவதற்கெனவே வளர்ந்த தொழில்நுட்பத்தை இங்கே பூச்சி அணிந்துகொண்டு, தன்னினும் பன்மடங்கு பெரிய உடலைச் செலுத்துகிறது.

இதன் நேர்மாறான வடிவம் 2013இல் வெளிவந்தது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பேக்யார்ட் பிரெய்ன்ஸ் நிறுவனம், நரம்பியல் கல்விக்கென 'ரோபோரோச்' என்னும் கருவியைப் பொதுமக்களிடம் நிதி திரட்டி உருவாக்கியது. பூச்சியைப் பனிநீரில் மரத்துப்போகச் செய்து, உணர்கொம்புகளில் மின்கம்பி செருகி, முதுகில் சிறு மின்சுற்றை ஏற்றுகின்றனர். பின்னர் கைப்பேசியைத் தொட்டால் பூச்சி இடமோ வலமோ திரும்புகிறது. இங்கும் தொழில்நுட்பத்தை அணிந்திருப்பது பூச்சியே. ஆயினும் அது செலுத்துநரன்று, செலுத்தப்படும் பொருள். சில நிமிடங்களில் அது அம்மின்தூண்டலுக்குப் பழகி, கட்டளையைப் பொருட்படுத்தாமல் விடுகிறது என அந்நிறுவனத்தாரே கூறியுள்ளனர். கருவி தோற்கும் அவ்விடத்தில்தான் மாணவன் கற்கவேண்டிய பாடம் தொடங்குகிறது என்போம்.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இவ்வழக்கு பழக்கமானதே. ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல்ஜாஹிழ் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் ஈயையும் வண்டையும்கூட ஆராயத் தகாதவை என ஒதுக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் எழுதிய ரிஸாலாக்களுள் ஒன்றிலோ, விலங்குகள் ஜின்களின் அரசனிடம் மனிதன்மீது முறையிடுகின்றன. மனிதன் தன் தொழில்திறனைச் சான்றாகக் காட்டும்போது, கருவியின்றி அறுகோண வீடு கட்டும் திறனைத் தேனீயின் தரப்பு எடுத்துரைக்கிறது. இறுதித் தீர்ப்பு மனிதனுக்குச் சாதகமே. ஆயினும் அவனை வெல்லச் செய்தது தொழில்திறனன்று. மறுமை வாழ்வு அவனுக்குண்டு என்னும் வாதமே. மறுமை உண்டெனில் கணக்கும் உண்டு. ஆதலின் அத்தீர்ப்பு மனிதனுக்குக் கிடைத்த உரிமைப் பத்திரமாக மட்டுமன்றி, அவன் தலைமேல் ஏற்றப்பட்ட அமானிதமாகவும் ஆகிறது.

இவ்வளவுகோலால் அளந்தால் ஹெர்ட்ஸின் படைப்பும் முற்றும் தப்பாது. பூச்சி வண்டியைச் செலுத்துகிறது என்பது உண்மை. இறங்கிச் செல்ல அதனால் இயலாது என்பதும் உண்மை. அதன் விருப்பத்தைக் காட்டும் அதே வெல்க்ரோ அதன் விருப்பத்தை மறுக்கவும் செய்கிறது. ஆயினும் அந்தக் கட்டு பார்வையாளரின் கண்முன்னே இருக்கிறது, மறைக்கப்படவில்லை. 2012இல் இலண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் டேமியன் ஹர்ஸ்ட் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்ட அறையில் கட்டேதும் தெரியவில்லை. ஆனால் 23 வாரங்களில் 9,000க்கும் மேற்பட்டவை மடிந்தன என்று பின்னர் செய்தி வெளியாயிற்று. கட்டின்மை சுதந்திரத்திற்குச் சான்றாகாது என்பதை அது உணர்த்தியது.

எனவே ஹெர்ட்ஸின் வண்டியை இவற்றுள் தலையாயதாக நாம் கொள்கிறோம். அதன் பொறியியல் நுட்பத்திற்காக அன்று, தன் குற்றத்தைத் தானே காட்டி நிற்கும் நேர்மைக்காகவே. கல் பதித்த கரப்பான்பூச்சி நம்மிடம் ஒன்றையும் கேட்பதில்லை. வண்டியை ஓட்டும் கரப்பான்பூச்சியோ நின்றுவிடும் ஒவ்வொரு முறையும், தன்னைக் கட்டியவனிடம் காரணம் கேட்கிறது. உயிரைக் கையாளும் கலை அக்கேள்விக்கு இடம்தருமாயின் அதைக் கலை என ஏற்போம். இடம்தராதாயின் அது வெறும் அலங்காரமே.