மரபணுவின் சாட்சியம்

மருத்துவர் சித்தார்த்த முகர்ஜி 2016இல் வெளியிட்ட ‘தி ஜீன்: ஆன் இன்டிமேட் ஹிஸ்டரி’ என்னும் ஆங்கில நூல், மெண்டலின் பட்டாணிச் செடிகள் தொடங்கி மரபணுத் திருத்தம் வரையிலான நெடிய வரலாற்றைக் கூறுகிறது. புற்றுநோயின் வரலாற்றை எழுதி 2011இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். எனினும் இந்நூலுக்கு உயிர் தருவது அவருடைய தந்தைவழிக் குடும்பத்தின் கதையே. தந்தையின் சகோதரர் இருவரும், அடுத்த தலைமுறையில் ஒருவரும் மனநோய்க்கு ஆளாயினர். அது தமக்கும் தம் மக்களுக்கும் வந்து சேருமோ என்ற அச்சம் நூல் நெடுகிலும் ஒலிக்கிறது.

கிழக்கு வங்கத்தின் பாரிசாலிலிருந்து கல்கத்தாவுக்குப் பெயர்ந்த குடும்பம் அது. மகன்களில் ஒருவரின் மனச்சிதைவுக்குத் தேசப் பிரிவினையின் அதிர்ச்சியையே காரணமாகக் கருதினார் ஆசிரியரின் பாட்டி. நூலாசிரியரோ பரம்பரையைத் தேடிச் செல்கிறார். இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. மரபணு தருவது ஏதுநிலை. அது நோயாக முற்றுவதில் வாழ்க்கைக்கும் பங்குண்டு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்து மற்றவர் நலமாயிருப்பதும் இதனாலேயே. ஆசிரியர் இதை அறியாதவரல்லர். ஆயினும் பாட்டியின் விளக்கத்தை அவர் ஒரு குடும்ப நினைவாக மட்டும் வைத்துவிட்டு நகர்வது நூலின் குறையே. நாடிழந்த துயரை அளக்கும் கருவி ஆய்வுக்கூடத்தில் இல்லை என்பதால் அத்துயர் காரணமாகாமல் போய்விடாது.

பின்வந்த ஆய்வுகளும் எளிய விடை எதையும் தரவில்லை. மனச்சிதைவுடன் தொடர்புடைய மரபணுத் தொகுதி இடங்கள் என 2014இல் 108 அறியப்பட்டன. 2022இல் அவை 287 ஆயின. ஒவ்வொன்றின் தாக்கமும் மிகச் சிறிது. அவ்வாய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மனநோயைப் பற்றி எழுதுகையில் இத்தனை நிதானம் காட்டும் ஆசிரியர், பாலினத்தைப் பற்றிப் பேசும்போது சற்று விரைந்துவிடுகிறார். ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. கருவில் ஆணுறுப்பு வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் விசை அது. உடலின் பாலை அந்த ஒரு விசை பெரிதும் தீர்மானிக்க, ‘நான் ஆண்’, ‘நான் பெண்’ என்னும் உணர்வை அதற்குக் கீழ் இயங்கும் பல மரபணுக்கள் சூழலோடு கலந்து உருவாக்குகின்றன என்பது அவர் முன்வைக்கும் அடுக்குமுறை விளக்கம். திருநர் இருப்பதே இதற்கு வலுவான சான்று என்கிறார். கனடாவில் ஆணாகப் பிறந்து, மருத்துவர் அறிவுரைப்படி பெண்ணாக வளர்க்கப்பட்டு, பின்னர் ஆண் அடையாளத்துக்கே மீண்டு, 2004இல் தம்முயிரை மாய்த்துக்கொண்ட டேவிட் ரைமரின் துயர வரலாற்றையும் எடுத்துரைக்கிறார்.

வளர்ப்பினால் மட்டும் பாலுணர்வைச் சமைத்துவிட இயலாது என்பதை ரைமரின் வாழ்வு காட்டுகிறது. அதற்குமேல் எதையும் அது நிறுவவில்லை. திருநர் அடையாளத்துக்குரிய மரபணு என்று உறுதிப்பட்டது எதுவும் இன்றுவரை இல்லை. வேறொரு பொருளாகிய பாலீர்ப்பைக் குறித்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், அதற்கெனத் தனியொரு மரபணு இல்லை என்றே கண்டது. ஆசிரியரின் விளக்கம் அழகிய கருதுகோள். அது சான்றின் இடத்தில் அமர்த்தப்படுவதுதான் நெருடுகிறது.

இந்த நெருடலுக்குக் காரணமுண்டு. ‘இது இவர்கள் தேர்ந்துகொண்டதன்று, மரபணு தந்தது’ என்று சொல்லி மாந்தரைக் காக்க விழைகிறார் ஆசிரியர். நோக்கம் நல்லது, ஆனால் மரபணு இருபக்கமும் பேசும் சாட்சி. மனநோய்க்கு மரபுவழி விளக்கம் தரும்போது நோயாளியின் மீதான பழி குறைகிறது. அதேவேளை, குணமாவார் என்ற நம்பிக்கையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 1933இல் நாஜி ஜெர்மனி இயற்றிய சட்டம் மனச்சிதைவைப் பரம்பரை நோயென்று பட்டியலிட்டது. அச்சட்டத்தால் சுமார் நான்கு லட்சம் பேர் கட்டாயமாக மலடாக்கப்பட்டனர். இவ்வரலாற்றை நூல் விரிவாகவே சொல்கிறது. அப்பக்கங்களை எழுதிய கையே மனித மாண்புக்கு மரபணுவைச் சாட்சியாக அழைப்பது வியப்பளிக்கிறது.

நம் சட்டக்கலை மரபு இங்கு நினைவுகூரத்தக்கது. ஆண், பெண் அடையாளங்கள் கலந்து பிறந்த ‘குன்ஸா’வுக்கென ஃபிக்ஹு நூல்கள் தனிப் பகுதிகளையே ஒதுக்கின. இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில், இயல்பிலேயே பெண்தன்மையுடன் படைக்கப்பட்ட ஆடவரையும், அதை வலிந்து வருவித்துக்கொள்வோரையும் பிரித்துக் காட்டுகிறார். முன்னவர் மீது பழியோ பாவமோ இல்லை என்பதை எடுத்துரைக்கிறார். அறிஞர்கள் அவ்வியல்பை மனிதரின் பேச்சிலும் நடையிலும் கண்டே ஏற்றனர். சித்தம் பிறழ்ந்தவர் மீது மார்க்கக் கடமைகளின் பொறுப்பு நீங்குவதும், அப்பிறழ்வு தந்தைவழி வந்ததா துயரால் வந்ததா என்று விசாரித்தன்று. ஒவ்வொரு செயலுக்குமான சட்டத் தீர்ப்பு வேறு விவாதம். மனிதரைப் பழியின்றி ஏற்பது அதற்கு முந்தியது.

‘தி ஜீன்’ படிக்கவேண்டிய நூல் என்பதில் ஐயமில்லை. மனநோயை மறைத்துவைக்கும் நம் குடும்பங்களில், வீட்டின் கதவைத் திறந்து பேசிய ஆசிரியரின் துணிவு ஒன்றே அதற்குப் போதும். ஆனால் மனநோயாளருக்கோ திருநருக்கோ நாம் காட்டவேண்டிய கண்ணியம், அடுத்த ஆய்வறிக்கை வரும்வரை காத்திருக்கக் கூடியதன்று.