முதுகெலும்பைச் சொடுக்கினால் தசை தேறுமா?

முதுகுவலியால் துடிப்பவர்களுக்கு, வலியைப் போக்குகிறேன் என்று சொல்பவர் எவராயினும் தெய்வமாகவே தோன்றுவார். ஆகவே, ஒரு மருத்துவ முறையை எடைபோடும்போது, ‘வலி குறைந்ததா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘முதுகில் ஏற்பட்ட குறை நீங்கியதா?’ என்றும் கேட்க வேண்டும். கைரோபிராக்டிக் என்னும் முறையை இவ்விரு கேள்விகளையும் கொண்டு ஆராய்வோம்.

இம்முறை தோன்றிய இடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டேவன்போர்ட் நகரம். அங்குக் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895-ஆம் ஆண்டில் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முள்ளெலும்பு ஒன்றை அழுத்திச் சரிசெய்து, அவருடைய செவிட்டுத்தன்மையைப் போக்கியதாகக் கூறினார். ஆனால், செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்வது. அது முதுகெலும்பின் வழியே செல்வதில்லை. எனினும் பால்மர், நோய்களுள் 100-க்கு 95 முள்ளெலும்புகள் இடம் பிசகுவதாலேயே வருகின்றன என்று 1910-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

இன்று இத்தொழில் செய்வோர் பலர் அவ்வளவு தூரம் போவதில்லை. முதுகுவலி, கழுத்துவலி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்கின்றனர். பால்மரின் பிழைக்காக அவர்களைப் பழிப்பது நியாயமன்று. ஆனால், ‘விலகிய எலும்பை அதன் இடத்தில் வைக்கிறோம்’ என்ற விளக்கம் மட்டும் இன்னும் மறையவில்லை. சிகிச்சையின்போது எழும் ‘டப்’ என்ற ஓசையை, எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த ஓசை என்றே நோயாளி நம்பிவிடுகிறார்.

உண்மை என்ன? நாம் விரல்களை நெட்டி முறிக்கும்போதும் இதே ஓசைதானே எழுகிறது! கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர், விரல் மூட்டு நெட்டி முறிவதைக் காந்த அதிர்வுப் படக்கருவியால் படம்பிடித்து 2015-இல் வெளியிட்டனர். மூட்டின் இரு பரப்புகள் சட்டென்று பிரியும்போது, இடையிலுள்ள திரவத்தில் ஒரு வாயுக் குழி தோன்றுகிறது. ஓசையும் அப்போதே எழுகிறது. விலகிய எலும்பு எதுவும் அங்கே இடம் திரும்பவில்லை. இடுப்பெலும்பு மூட்டைக் கையால் சொடுக்குவதற்கு முன்னும் பின்னும் 10 நோயாளிகளிடம் நுட்பமாக அளந்து 1998-இல் வெளியிட்ட ஆய்விலும், எலும்புகளின் நிலையில் மாற்றம் காணப்படவில்லை.

விளக்கம் தவறாயினும் பயன் இருக்கலாம் அல்லவா? இருக்கிறது. நாட்பட்ட இடுப்புவலி பற்றிய 47 சோதனைகளை, 9,211 நோயாளிகளின் முடிவுகளுடன் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை 2019-இல் வெளிவந்தது. முதுகெலும்பைச் சொடுக்கும் முறை, பரிந்துரைக்கப்படும் பிற சிகிச்சைகளை ஒத்த பலனைத் தருகிறது என்பதே அதன் முடிவு. அவற்றைவிட மேலானதும் அன்று, வெறும் ஏமாற்றும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதனைப் பல வழிகளுள் ஒன்றாகவே ஏற்றிருக்கிறது. எனவே முதல் கேள்விக்கு, ‘ஓரளவு ஆம்’ என்று விடை கூறலாம்.

இரண்டாம் கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. முள்ளெலும்புகளை ஒட்டி, அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது மல்டிஃபிடஸ் என்னும் தசை. முதுகுவலி வந்தவர்களிடம் இது சுருங்குவதும், நாளடைவில் இதில் கொழுப்பு படிவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதன்முறையாக இடுப்புவலி கண்ட 39 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்கு அதனுடன் இத்தசைக்கான பயிற்சியும் அளித்தனர். நான்கு வாரத்தில் இரு பிரிவினருக்கும் வலி ஒரே அளவில் தணிந்தது. ஆனால், பயிற்சி செய்யாதவர்களின் தசை 10 வாரங்களுக்குப் பின்னும் சுருங்கியே இருந்தது. ஓராண்டுக்குள் அவர்களில் 100-க்கு 84 பேருக்கு வலி திரும்பியது. பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 30 பேருக்கே திரும்பியது.

வலி போனதால் தசை தேறிவிட்டது என்று கொள்ள முடியாது என்பதே இதன் பாடம். தசை எப்போது வளரும்? சுமையை எதிர்த்துத் தானே சுருங்கி விரியும்போது வளரும். சிகிச்சை மேசையில் படுத்திருப்பவரின் முதுகில் செயல்படுவது மற்றவரின் கை வலிமை. நோயாளியின் தசைக்கு அங்கே வேலை இல்லை. எனவே, மாதக்கணக்கில் சொடுக்கிக்கொள்வதை மட்டும் நம்பியிருப்பவர், வலி தணிந்த நாட்களில் தசையைப் பலப்படுத்தும் வாய்ப்பை இழக்கிறார். இம்முறையில் நாம் காணும் பெருங்குறை இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 39 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இத்தசைக்கென்றே வகுத்த பயிற்சிகள், நாட்பட்ட வலியில் பிற உடற்பயிற்சிகளைவிடச் சிறந்தவையாகப் பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவில்லை. படத்தில் தசைக் கொழுப்பைக் கண்டவுடன், வலிக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டுவதும் தவறு. வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படுகிறது. எந்தப் பயிற்சியானாலும் விடாமல் செய்வதே முக்கியம்.

ஆபத்துகளையும் மறத்தல் ஆகாது. எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள் சொடுக்கிக்கொள்ளக் கூடாது. கழுத்தை வேகமாகத் திருகுவதை ஒட்டி, மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்த நிகழ்ச்சிகள் அரிதாயினும் உண்டு. முதுகுவலியுடன் கால் வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் தடை, மர்ம உறுப்புப் பகுதியில் மரத்துப்போதல் ஆகியவை தோன்றினால், எந்தக் கைவைத்தியமும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரிட்டனில் 2016-இல் வெளிவந்த மருத்துவ வழிகாட்டி, கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்தே அளிக்கலாம் என்கிறது. இது நல்ல அளவுகோல். முதுகில் கை வைப்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன?” அதற்கு விடை சொல்பவரை நம்பலாம். “அடுத்த வாரம் மறுபடியும் வாருங்கள்” என்று மட்டும் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.