நனைத்துப் பாருங்கள் கருங்கல்லை

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், தூணைத் தொட்டுப் பார்ப்பார்கள், விதானத்து ஓவியத்தையும் விடமாட்டார்கள். தரையை மட்டும் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் செருப்பில்லாத காலோடு நாம் அதிகம் பழகிய கல் அதுதான். அடுத்த முறை பிராகாரம் சுற்றும்போது நடக்கிற வழியின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். பிறகு தூணடியில், யாரும் கால் வைக்காத மூலையைக் கவனியுங்கள். நடுவில் கல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். மூலையில் உளி இறங்கிய இடங்கள் சிறுசிறு குழிகளாக அப்படியே இருக்கும். கல் தச்சர் விட்டுப்போன முகமும், தலைமுறை தலைமுறையாகக் கால்கள் தேய்த்த முகமும் சில இடங்களில் ஒரே பலகைக் கல்லில் கிடைக்கும். விரலால் தடவினால் எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியும்.

வீட்டு முற்றத்திலும் தோட்டத்து நடைபாதையிலும் கருங்கல் பாவுவது இப்போது மதுரையில் மறுபடி பரவலாகியிருக்கிறது. பாவியவர்களில் பலர் ஒரே கோடையில் சலித்துப்போகிறார்கள். கடையில் பார்த்த கருப்பு இல்லை, சாம்பல் பூத்துவிட்டது, கால் வைக்க முடியவில்லை என்கிறார்கள். கல்லில் குறை இல்லை. கருங்கல்லுக்கு நேரம் உண்டு, தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். இந்த மூன்றும் கூடிய இடத்தில்தான் அதன் நிறம் வெளியே வரும்.

முதலில் எந்தக் கல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கல் கடையில் கருப்பு என்று சொல்லி மூன்று வெவ்வேறு கற்களைக் காட்டுவார்கள். நம் அடுக்களை அலமாரியில் பல காலமாக இருப்பது கடப்பாக் கல். ஆந்திராவின் கடப்பா, கர்னூல் பக்கத்திலிருந்து வரும் சுண்ணாம்புப் பாறை அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலடியில் வண்டலாகப் படிந்தது. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் ஏடு ஏடாக அடுக்கு தெரியும். அந்த அடுக்கோடுதான் அதைப் பலகையாகப் பிளக்கிறார்கள், திறந்த வெயிலிலும் மழையிலும் கிடந்தால் அந்த அடுக்கிலேயே அது செதிலாக உரியவும் செய்யும். சுண்ணாம்பு என்பதால் புளிப்பு ஆகாது. ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சற்று நேரம் கழித்துத் துடையுங்கள், வெளுத்த வட்டம் தங்கிவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடுகளில் கடப்பாத் தரை பாழாவது இதனால்தான்.

இரண்டாவது, பளபளவென்று முகம் தெரிகிற கருப்பு கிரானைட். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பு இதில் பெயர்பெற்றது. மெருகேற்றியதை வெளியே பாவவே கூடாது. முதல் மழைக்கே வழுக்கும்.

மூன்றாவதுதான் நம் ஊர்க் கருங்கல். கொடைக்கானல் மலையில் பரவிக் கிடக்கும் சார்னோகைட் இந்த வகை. பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடந்த கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-ல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். அது நம் பல்லாவரம் பக்கத்துப் பாறை. வெயிலும் மழையும் பட்ட முகம் வெறும் சாம்பலாக இருக்கும். ஒரு சில்லு பெயர்த்துப் பாருங்கள், உள்ளே பச்சை கலந்த கருமை, நடுநடுவே நீலம் ஓடிய படிகம். காய்ந்த நிலையில் கடையில் கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை என்பேன். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் பட்டதும் கல் ஏன் கருக்கிறது? காய்ந்த கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறி, கண்ணுக்கு வெளிறிய சாம்பலாக வந்து சேரும். நீர்ப்படலம் அந்தச் சொரசொரப்பை நிரப்பிச் சிதறலைக் குறைக்க, கல்லின் சொந்த நிறம் தெரிகிறது. வெளிநாட்டுத் தோட்டப் படங்களில் ஸ்லேட் தரை அவ்வளவு அழகாக இருப்பதற்கு அங்கே ஓயாமல் பெய்கிற மழையும் தாழ்ந்த சூரியனும் பாதிக் காரணம். ஜப்பானில் தேநீர் விருந்துக்கு ஆள் வருமுன் தோட்டத்துக் கல்லில் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் வாசல் தெளிக்கிற ஊர் இது.

தெளித்த பிறகு கோலம் போடுகிறவரின் கையைக் கவனியுங்கள். உளியால் பொளிந்த கல்லில் மாவு குழிகளில் இறங்கி, கோடு சாயங்காலம் வரை நிற்கும். மெருகேற்றிய கல்லில் ஒரு காற்றுக்கே பறந்துவிடும். வெளித் தரைக்குக் கல் வாங்கினால் பொளிந்ததைக் கேளுங்கள். கிரானைட் என்றால் நெருப்புச் சுடரால் மேல்தோலைச் சிதறவைத்த ‘ஃபிளேம்’ முகத்தைக் கேளுங்கள். காலுக்குப் பிடிமானம், கண்ணுக்கும் நல்லது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சிறு நிழல் விழும். காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் அதைப் பாருங்கள்.

நடுப்பகலில் பார்க்கவே வேண்டாம். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. கருங்கல் அந்த வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொண்டு இரவு வரை விடும். கோயில்களில் கோடைக்குத் தேங்காய் நார் விரிப்பும் வெள்ளைப் பூச்சும் போடுவது சும்மா இல்லை. ஆகவே மேற்கு பார்த்த திறந்த வெளியில் கருங்கல் பாவாதீர்கள். வீட்டின் கிழக்கு, வடக்குப் பக்கம், கிணற்றடி, வேம்பு அல்லது புங்க மரத்தடி, இவைதான் அதற்குரிய இடம். சித்திரையில் புங்கம்பூ உதிர்ந்து தரையே தெரியாமல் மூடும், கருமை மேல் அந்த வெளிறிய ஊதா சிமெண்ட் தரையில் எடுபடாது. இடம் சிறியதென்றால் ஒரு பவழமல்லி போதும். இரவில் பூத்துப் பொழுது விடியும்போது கவிழ்ந்து விழுகிற பூ, செம்மஞ்சள் காம்பு மேலே தெரிய, ஈரக் கல்லில் கிடக்கும். பெருக்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

பாவிய விதத்தையும் படிக்கலாம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சிமெண்ட் கலவை பூசி அடைத்திருந்தால் எல்லாத் தண்ணீரும் வாட்டம் பார்த்து ஓடியாக வேண்டும், வாட்டம் தப்பினால் அங்கே பாசி பிடிக்கும். மண்ணைக் கெட்டித்து, தூசி மணல் பரப்பி, இடைவெளியில் மணலே நிரப்பியிருந்தால் ஐப்பசி மழை அங்கேயே இறங்கும், மரத்தின் வேருக்கும் போகும், இடுக்கில் அருகு முளைக்கும். நான் இரண்டாவதன் பக்கம். ஒரு கல் அமிழ்ந்தால் அதை மட்டும் நெம்பி எடுத்து மட்டம் பார்த்து வைத்துவிடலாம்.

கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பதும் ரசனையில் சேர்த்திதான், மதுரைக்காரருக்கு இது இன்னும் பொருந்தும். மேலூர்ப் பக்கம் போனால் மலை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களைப் பார்க்கலாம். சமணப் படுக்கைகளும் தமிழி எழுத்தும் உள்ள கீழவளவுக் குன்றைச் சுற்றியே வெட்டியிருக்கிறார்கள். 2012-ல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னது. அதே வட்டாரத்து அரிட்டாபட்டி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஏறி நின்று பாறையை அதன் இடத்திலேயே பார்த்தவருக்குக் கல் வாங்கும்போது கை தானாகச் சுருங்கும்.

அதனால் என் முதல் விருப்பம் பழைய கல். மதுரைப் பக்கமும் செட்டிநாட்டிலும் பழைய வீடு பிரிக்கும்போது முற்றத்துக் கல், படிக்கல், துவைகல் எல்லாம் விலைக்கு வருகின்றன. காரைக்குடிக் கடைகளில் தேடினாலும் அகப்படும். அளவு ஒன்றுபோல் இராது, கொத்தனார் முணுமுணுப்பார். பெரியதைப் பெரியதோடு, சிறியதை ஓரத்துக்கு என்று தரையில் பரப்பிப் பார்த்து, ஒழுங்கு கிடைத்த பிறகு பாவச் சொல்லுங்கள். தேய்ந்த முகத்தை அடியில் போட்டு, கொத்தாத முகத்தைப் புதிதாகப் பொளிந்து தருகிறேன் என்பவரும் உண்டு. சம்மதிக்காதீர்கள். தேய்ந்த முகம்தான் மேலே இருக்க வேண்டும், மேடு பள்ளம் கால் விரலில் தட்டாத அளவுக்கு மட்டம் பார்த்தால் போதும்.