மூன்று தரமும் முடிவில்லாத தடவைகளும்

சென்னையில் என் ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டில் 19 நாள் நின்றேன். ஒரு மாலை, அக்காவின் மருமகன் தன் முடிவை எல்லோருக்கும் முன்னால் சொன்னார். வயது 32. மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை, இரண்டு வயதில் ஒரு பிள்ளை. வேலையை விட்டுவிட்டு நீட் நுழைவுத் தேர்வு எழுதி டாக்டருக்குப் படிக்கப் போகிறாராம். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். “எங்கட பக்கம் எண்டால் ஏ.எல். மூன்று தரம்தான். அதுக்கு மேல கம்பஸுக்கு எடுக்காயினம்” என்றேன்.

அவருடைய தகப்பன் திருநெல்வேலிக்காரர். சிரித்துக்கொண்டே கேட்டார்: “அப்போ இருபத்திரண்டு வயசுக்குள்ள கிடைக்கலேன்னா டாக்டர் ஆசையையே விட்டுடணுமா சம்பந்தியம்மா? பரீட்சைக்குக்கூட உங்க ஊர்ல ரேஷன் கார்டா?”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வவுனியாவில் 30 வருடம் ஏ.எல். என்ற உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்தவள் நான். அந்தக் கேள்விக்கு அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். நாங்கள் ‘தரம்’ என்பதை அவர்கள் ‘தடவை’ என்கிறார்கள். இளையவர்கள் ‘அட்டெம்ப்ட்’ என்கிறார்கள். நாங்கள் சோதனை எடுக்கிறோம், அவர்கள் பரீட்சை எழுதுகிறார்கள். எங்கள் ரியூசன் அங்கே கோச்சிங். எங்கள் வெட்டுப்புள்ளி அங்கே கட் ஆஃப். எங்கள் வைத்தியர் அங்கே மருத்துவர். வைத்தியர் என்றால் அவர்களுக்கு நாட்டு மருந்து கொடுப்பவர். எங்கள் பிள்ளை மெடிசினுக்கு ‘எடுபடுகிறான்’, அவர்கள் பிள்ளை ‘சீட் வாங்குகிறான்’. வாங்குவது என்ற சொல் என் காதில் காசுச் சத்தத்தோடு விழுந்தது. “மார்க்கையும் வாங்கினான்னுதான் சொல்வோம் சித்தி, அதுல பணம் இல்லை” என்று மருமகன் திருத்தினார். அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ‘எடுபடுதல்’ என்ற சொல்லில் உள்ள கௌரவம் எனக்குப் பெரிது.

இனி மூன்று தரம் ஏன் என்பது. எங்கள் அரச பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடத்துக்கு எடுபட்ட பிள்ளை கற்கைக் கட்டணமாக ஒரு சதமும் கட்டுவதில்லை. அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. யுத்தத்திலும் பொருளாதார நெருக்கடியிலும் அது நின்றுபோகவில்லை. ஊர்ப் பணத்தில் படிப்பிக்கும் இடங்கள் கொஞ்சம், கேட்கும் பிள்ளைகள் அதிகம். ஆகவே பங்கிட வேண்டியிருக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஒருவர் பத்துத் தரம் எடுத்தால், முதல் தரம் எடுக்கும் முல்லைத்தீவுப் பிள்ளையின் இடம் போகும்.

எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில் எங்கள் மூத்த தலைமுறை பட்ட காயம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும் பெரியவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். ஆனால் இன்றைய மாவட்டப் பங்கினால் வன்னிக் கிராமங்களிலிருந்து வைத்தியர்களாக வந்த பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன்.

முப்பத்திரண்டிலும் நீட் எழுதவிடும், சம்பந்தி பெருமைப்பட்ட திறந்த கதவைப் பற்றியும் பேசவேண்டும். அது மிக அண்மையில் திறந்த கதவு. பொதுப் பிரிவினர் 25 வயதுக்கு மேல், இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 30 வயதுக்கு மேல் நீட் எழுதக்கூடாது என்று அங்கேயும் விதி இருந்தது. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியைச் சரியென்றது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வயது கூடியவர்களுக்கு இடைக்கால அனுமதி கொடுத்தது. உச்ச வயது வரம்பு முற்றாக நீக்கப்பட்டது 2022இல்தான்.

அதன் பிறகு எத்தனை தடவையும் எழுதலாம், எவ்வளவு வயதானாலும் எழுதலாம். நல்லதுதான். ஆனால் திரும்பத் திரும்ப எழுத யாரால் முடியும்? வேலையை விட்டு ஒரு வருடம் கோச்சிங்கில் இருக்கக் கையிருப்பு வேண்டும். தமிழ்நாட்டு அரசு அமைத்த ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை இதைத்தான் சொல்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் மறுபடி எழுதி வந்தவர்கள் நீட்டுக்கு முன் சுமார் 12 வீதம். 2020–21இல் 71 வீதம். முதல் தடவை எழுதும் கிராமத்துப் பிள்ளைக்கு என்ன மிஞ்சியது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 7.5 வீதம் உள் ஒதுக்கீடு கொண்டுவர வேண்டிவந்ததும் அதனால்தான். அரசுக் கல்லூரி கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. அங்கே கட்டணம் லட்சக்கணக்கில்.

அந்த 7.5 வீதத்தில் நடந்த ஒன்றைக் கேட்டபோது என் கோபம் தணிந்தது. தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீட்டில் தேறி 2022 ஜனவரியில் கலந்தாய்வுக்கு வந்தார். வந்தவர், ஓர் இளம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் மூன்று தரச் சட்டம் செய்யும் வேலையை அந்த மனிதர் தன் மனத்தால் செய்தார். ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில், 2020இல், புர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் ஆசையையும் என்னால் குறைசொல்ல முடியாது.

மொழியிலும் எங்களுக்கு ஒரு நிமிர்வு உண்டு. உயர்தரத்தில் எங்கள் பிள்ளைகள் உயிரியலையும் இரசாயனவியலையும் தமிழில் படித்துத் தமிழிலேயே எழுதுகிறார்கள். அங்கேயோ 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டு வழக்கு நீதிமன்றம் வரை போனது. கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்குவதற்கு முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, தமிழில் மருத்துவ நூல்களும் ஆக்கினார். அந்த மண்ணின் பிள்ளைகள் நாங்கள்.

பிந்தி வருவதும் எங்களுக்குப் புதிதல்ல. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை நடந்ததே 2023இல். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பல்கலைக்கழகத் தொடக்கம் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்து, ஐந்து வருடம் படித்து, உள்ளகப் பயிற்சிக்கும் காத்திருந்து, முப்பதை நெருங்கித்தான் பலர் வைத்தியராக வெளியே வருகிறார்கள்.

ஆனால் ஒரு விடயத்தில் சம்பந்தியின் கேள்வி என்னை விடவில்லை.

2009இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குப் போய்ப் படிப்பித்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. அங்கே ஒரு பிள்ளை. முதல் இரண்டு தரமும் வன்னிக்குள்ளே, ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில். மூன்றாம் தரம் முகாமில், கூடாரத்தில் படித்து எடுத்தாள். புத்தகம் இல்லை, என் குறிப்புக் கொப்பியைக் கையால் பார்த்தெழுதினாள். மூன்று பாடமும் சித்தி. மெடிசினுக்குப் புள்ளி காணவில்லை. தாதியப் பயிற்சிக்குப் போனாள். இன்று வயது 36. இரவுக் கடமையில் அவள் நின்றால் நோயாளிகள் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள் என்று அவளோடு வேலைசெய்யும் வைத்தியர்களே சொல்வார்கள்.

சென்னையிலிருந்து வந்து மருமகனின் கதையை அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “ரீச்சர், அங்கை முப்பத்திரண்டிலயும் எழுதலாமெண்டால், எனக்கு ஒரேயொருக்கா விடமாட்டினமோ?”

அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் முறை நல்லது என்று இப்போதும் சொல்கிறேன். காசில்லாத பிள்ளையை வைத்தியராக்கும் முறை அது. அதை எவருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் யுத்தத்துக்குள் எடுத்த சோதனையையும், மின்விளக்கின் கீழ் மேசையில் இருந்து படித்து எடுத்த சோதனையையும் ஒரே கணக்கில் ‘ஒரு தரம்’ என்று எண்ணுவது நீதியல்ல.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இந்த ஓய்வுபெற்ற ஆசிரியையின் வேண்டுகோள் ஒன்றே. 2008, 2009இல் வன்னியிலும் முகாம்களிலும் சோதனை எடுத்தவர்களின் பெயர்களும் சுட்டெண்களும் பதிவில் இருக்கும். அவர்களில் விரும்புகிறவர்களுக்கு, வயதைக் கேட்காமல், இன்னும் ஒரு தரம் கொடுங்கள்.