கத்தினால் கேட்காது

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, பெரிய ஆலை எதற்குள் போனாலும் ஷிப்ட் இன்சார்ஜ் இடுப்பில் ஒரு வாக்கி-டாக்கி, ஆலைப் பேச்சில் ‘வாக்கி’, தொங்கும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-ல் வந்தது. பிறகு டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, இவற்றுக்கெல்லாம் பாகம் செய்துதரும் சிறிய யூனிட்டுகள். வெல்டிங்கை ரோபோவும் அளவெடுப்பதை சென்சாரும் எடுத்துக்கொண்டன. ஆனால் ‘தூக்கு’, ‘நிறுத்து’, ‘கேட்டைத் திற’ என்று ஓர் ஆள் இன்னோர் ஆளுக்குச் சொல்லவேண்டிய இடத்தில் இன்றைக்கும் வாக்கிதான். அதுவும், காதோடு வாய் வைத்துப் பேசினாலும் புரியாத இரைச்சலில்.

கருவியைக் குறை சொல்ல முடியாது. எண் அழுத்த வேண்டாம், எதிராளி எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கையுறையோடு ஒரு பட்டனை அழுத்தினால் சேனலில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் செய்தி போய்விடும். தீ என்று வந்துவிட்டால் எந்தக் கைபேசிக் குழுவும் இதற்கு ஈடாகாது. என் குறை கருவியைப் பற்றியது அல்ல, அதைக் கையில் கொடுக்கும் விதத்தைப் பற்றியது. கிரேன் ஓட்ட லைசென்ஸ் கேட்கிறார்கள், ஃபோர்க்லிஃப்டுக்குப் பயிற்சி தருகிறார்கள். வாக்கியை மட்டும், “இதை அமுக்கிப் பேசுங்க” என்று நீட்டிவிடுகிறார்கள்.

அமுக்கியவுடன் எல்லோரும் செய்வது கத்துவது. அது மனித இயல்பு. சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை 1911-லேயே எத்தியென் லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். கத்தும்போது ஆ, ஊ, ஏ போன்ற உயிரொலிகள்தான் பெருக்கின்றன. க், த், ப் என்ற மெய்கள் அதே அளவுக்குப் பெருப்பதில்லை. சொல்லை அடையாளம் காட்டுவதோ மெய்கள். போதாததற்கு மைக்கும் திணறி ஒலியைக் கிழித்துவிடுகிறது. பலன் தருவது குரலின் அளவு அல்ல, தூரம். ஒரு மீட்டரில் சுமார் 65 டெசிபலாக இருக்கும் பேச்சு, ஐந்து சென்டிமீட்டரில் 90-ஐத் தொடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் இரைச்சல் உச்சவரம்பும் அதே 90தான். மைக்கை உதட்டருகே கொண்டுவந்து சாதாரணக் குரலில் நிதானமாகப் பேசினாலே இரைச்சலுக்குச் சரிசமமாக நிற்கலாம். மிச்சத்தை இரைச்சல் அடக்கும் மைக்கும் காதை மூடிய ஹெட்செட்டும் பார்த்துக்கொள்ளும்.

‘டிஜிட்டல் செட் வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை’ என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். 2008-ல் அமெரிக்கத் தீயணைப்புத் துறையினருக்காக நடந்த சோதனைகளில், ரம்பமும் அலாரமும் அலறும் இடத்தில் சில டிஜிட்டல் ரேடியோக்கள் பழைய அனலாக்கைவிட மோசமாகக் கேட்டன. மனிதக் குரலுக்கென்று செய்த சுருக்கும் மென்பொருள், குரலோடு கலந்து வரும் இரைச்சலையும் குரலாக எடுத்துக்கொண்டு இரண்டையும் குழப்பிவிட்டது. அதன்பிறகு செட்டுகள் மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் கடையில் கேட்டுப் பார்த்து வாங்காமல், பிரஸ் ஓடும்போது லைன் ஓரமாக நின்று கேட்டுப் பார்த்து வாங்குவதே சரி.

இதெல்லாம் எந்த நாட்டு ஆலைக்கும் பொருந்தும். நமக்கென்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. பாதுகாப்பு வகுப்புகளில் அதை யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. தமிழில் ‘வேண்டாம்’ என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வாக்கியில் முதலில் அறுந்துபோவதும் கடைசிதான், ஏனென்றால் அவசரத்தில் பேச்சு முடிவதற்குள் கட்டைவிரல் பட்டனை விட்டுவிடும். ஒரு பிரஸ் ஷாப்பில் டை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் பாடிக்குத் தகடு அடிக்கும் பெரிய டை இருபது டன்னைக்கூடத் தாண்டும். கீழே நிற்கும் சூப்பர்வைசர் “தூக்காத” என்கிறார். மேலே கேபினில் இருப்பவருக்கு வந்து சேர்வது “தூக்…” மட்டும். “உள்ளே ஆள் இருக்கு”, “உள்ளே ஆள் இல்ல” என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்கக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல் விழுந்துவிட்டால் கேட்பவர் தான் எதிர்பார்த்ததை வைத்து நிரப்பிக்கொள்வார். வேலை முடியும் அவசரத்தில் இருப்பவர் எதை எதிர்பார்ப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

விமானத்துறை இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானத்திடம் கட்டுப்பாட்டு அறை ‘ஓகே’ என்று தொடங்கி, ‘காத்திருங்கள்’ என்று தொடர்ந்தது. அதே நொடியில் மற்ற விமானமும் பேசியதால் பின்பகுதி கீச்சொலியில் மூழ்கியது. தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும். அதற்குப் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, உண்மையில் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர உச்சரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது எஃப்.எம். செட். அதில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கீச்சொலிகூட வராமல் போகலாம். வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டவருக்குத் தன் குரல் போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது.

அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவரலாம். ‘தூக்கு’ என்பதை உண்மையில் தூக்கவேண்டிய நேரத்தில் மட்டும் சொல்வது. ‘தூக்காத’, ‘ஏத்தாத’ இரண்டையும் வாக்கியில் தடைசெய்துவிட்டு, எல்லாத் தடுப்புக்கும் ‘நிறுத்து, நிறுத்து’ என்ற ஒன்றே போதும் என்று வைப்பது. பதினேழையும் பதினெட்டையும் ‘ஒண்ணு ஏழு’, ‘ஒண்ணு எட்டு’ என்று பிரிப்பது. பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுவது, பேசி முடித்து ஒரு நொடி கழித்து விடுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், ‘ஓகே சார்’ என்பதைப் பதிலாக ஏற்காமல் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைப்பது. நம் ஆலைகளில் ‘ஓகே சார்’ பெரும்பாலும் மரியாதைக்கு வரும் பதில். புரிந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. இன்சார்ஜிடம் ‘கேக்கல சார், திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்கத் தயங்கும் இளைஞர் தலையாட்டத்தான் செய்வார்.

தமிழில் விதி வகுத்தால் மட்டும் தீராது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் இதே சேனலில் இருக்கிறார்கள். இங்கே பாரம் தூக்கும் பழைய கலாசிகளிடம் ஒரு வழி கிடைக்கிறது. கப்பலில் பிறந்து நாட்டின் பல பகுதிகளில் ரிக்கர்களிடம் இன்றும் புழங்கும் சொற்கள்: ‘ஆபேஸ்’ என்றால் ஏற்று, ‘ஆரியா’ என்றால் இறக்கு. பின்னது போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. யாருடைய தாய்மொழியும் இல்லாததால் எல்லோருக்கும் பொது. முதல் ஒலி விழுந்தாலும் பிந்தி வரும் ‘பேஸ்’, ‘ரியா’ ஒன்றோடொன்று குழம்பாது. கூட்டிப்பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் ஓர் ஆலையின் ஆபத்தான வேலை அத்தனையும் அடங்கிவிடும்.

வாக்கியிடம் விடவே கூடாத வேலையும் உண்டு. இயந்திரத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்பதைப் பூட்டும் டேக்கும்தான் தீர்மானிக்க வேண்டும். உள்ளே போகிறவர் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டால், எந்தச் சொல் அறுந்தாலும் பிரஸ் ஓடாது. வாக்கியின் வசதியே இந்த ஒழுங்கைக் குலைக்கிறது என்பதுதான் அதன் மீது நான் வைக்கும் பெரிய குற்றச்சாட்டு. ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்கிறபோது பூட்டு எடுத்துவர யார் நடப்பார்?

அலைவரிசையும் நெரிசல்தான். 2018-லிருந்து 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் செட்டுகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். இதனால் பக்கத்து ஆலையின் ‘ஸ்டாப்’ இங்கே வந்து விழ வாய்ப்பு உண்டு. செட்டில் இருக்கும் பிரைவசி கோடு அந்தக் குரலை மறைக்கும், மோதலைத் தடுக்காது. கிரேனுக்கென்று லைசென்ஸ் எடுத்துத் தனிச் சேனல் வைப்பது பெரிய செலவல்ல.

செலவு என்று பேச்சு வரும்போது செட் யாருக்கு என்பதையும் கேட்கவேண்டும். இன்சார்ஜுக்கு உண்டு, செக்யூரிட்டிக்கு உண்டு. தொங்கும் லோடுக்குப் பக்கத்தில் நிற்கிற காண்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடையாது. அவருக்குச் செய்தி சூப்பர்வைசர் வாய்வழியே, கையசைப்பிலோ கூச்சலிலோ வருகிறது. அதைக் கேட்க அவர் இயர் மஃபைத் தூக்குகிறார். ஹெட்செட் வாங்கும் பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும். இன்சார்ஜ் பெயர் அடுத்து வரட்டும்.