மணம் தோலில் இருக்கிறது

அம்மையார்குப்பத்துக்காரர்கள் திருத்தணி முருகனைப் பார்க்கப் போனாலும் புது வண்டி வாங்கினாலும் கையில் எலுமிச்சை இருக்கும். சாற்றைப் பிழிந்ததும் தோலை எறிந்துவிடுகிறோம். மணமோ அந்தத் தோலில்தான்.

ஒரு துண்டுத் தோலை விளக்குச் சுடர் பக்கம் மடக்கி அழுத்துங்கள். படபடவென்று பொறி பறக்கும். மேல்தோலின் நுண்பைகளில் அடைந்திருக்கும் எண்ணெய் அது. சிசிலியில் ஒரு காலத்தில் தோலைக் கடற்பஞ்சில் அழுத்தி, ஊறிய எண்ணெயைக் கையால் பிழிந்தார்கள். அங்கே விளைவது நம் நாட்டு எலுமிச்சை அல்ல, தடித்த தோலுள்ள மஞ்சள் லெமன். இப்போது இயந்திரம் பிழிகிறது. அப்போதும் சூடு காட்டுவதில்லை.

லெமன் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லிமோனீன். ஆனால் எலுமிச்சை என்று மூக்கு கண்டுகொள்வது, 2, 3 சதவீதமே இருக்கும் சிட்ராலை வைத்துத்தான். அதனால் வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் லிமோனீனைப் பிரித்து எண்ணெயை ஐந்து மடங்கு, பத்து மடங்கு செறிவாக்குகிறார்கள். செறிவாக்கிய எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் கெடாது. குளிர்பானத்தில் நன்றாகக் கரையும். மிட்டாய்க்கும் தோது. ஆனாலும் பச்சைத் தோலை நெரித்ததும் எழும் அந்த முதல் துள்ளல் அதில் குறைவு. எனக்கு நேரே பிழிந்த எண்ணெய்தான் உசத்தி.

ஒன்று மட்டும்: அதை உடம்பில் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதிலுள்ள ஃபுரோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும்.