‘சீன வாஸ்து’ என்னும் பெயர் பொருந்துமா?

பெங் சுயி என்னும் சீனக் கலையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலர் அதனைச் ‘சீன வாஸ்து’ என்றே வழங்குகின்றனர். பெயரில் என்ன இருக்கிறது என்று இதனை விட்டுவிடலாம். ஆனால், இப்பெயர் செய்யும் குழப்பம் ஏட்டோடு நிற்கவில்லை. குடும்பத்தின் பணப்பை வரை சென்றுவிட்டது.

சீன மொழியில் ‘பெங்’ என்பது காற்று. ‘சுயி’ என்பது நீர். கோ பு (276–324) என்பாரின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்று இக்கலைக்கு மூலமாகக் கருதப்படுகிறது. அந்நூல் ஆராய்வது வீட்டை அன்று, கல்லறைக்குரிய நிலத்தை. நிலத்தில் ஓடும் உயிர்ப்பைக் காற்று கலைத்துவிடும், நீர் தடுத்து நிறுத்தும் என்பது அதன் கொள்கை. ஆகவே, பின்புறம் காற்றை மறைக்கும் மலையும் முன்புறம் நீரும் அமைந்த இடமே நல்லிடமாயிற்று. 1406 முதல் 1420 வரை எழுந்த பீக்கிங் அரண்மனை இதற்குத் தக்க சான்று. அது தெற்கு நோக்கியது. வடக்கே மலை இல்லாமையால், அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி ஒரு குன்றையே எழுப்பிவிட்டனர்! பீக்கிங் ஏறத்தாழ 40 பாகை வடக்கே உள்ளது. அங்குக் கடுங்குளிரில் வடக்கிலிருந்து வாடை வீசும். நண்பகல் ஞாயிறும் தென்வானில் 27 பாகை உயரத்திற்குமேல் எழாது. வடக்கை அடைத்துத் தெற்கைத் திறந்த வீடே அங்கு உயிர் காக்கும் வீடு.

நம் மனை நூல்களின் போக்கு வேறு. மயமதம் போன்றவை மண்ணின் நிறம், மணம், சுவை ஆகியவற்றைச் சோதிப்பது உண்மையே. எனினும் மனையை 64 அல்லது 81 கட்டங்களாக வகுத்து, திசைக்கொரு தெய்வத்தை இருத்துவதே அவற்றின் உயிர்நாடி. அதற்குத் திசையைப் பிழையறக் காணல் வேண்டும். நெடுநல்வாடையில் கோலின் நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அரண்மனை வகுக்கும் பகுதியைத் தமிழாசிரியர் நன்கறிவர். சீனர் விரும்பும் தெற்கோ நமக்கு இயமன் திசை.

இவ்விரண்டையும் ஒரு பெயரின்கீழ்க் கட்டினால் விளைவது என்ன? வடகிழக்கு மூலையை எடுத்துக்கொள்வோம். வாஸ்து அதனை ஈசானியம் என்று போற்றி, நீரை அங்கே வைக்கச் சொல்லும். சீனரின் எண்கோண அமைப்பில் அம்மூலை மலைக்குரியது, மண்ணின் இடம். அவர்தம் ஐம்பூதக் கணக்கில் மண் நீரை அடக்குவது. வாஸ்துப்படி நீர்க்குடத்தை அங்கே வைத்தவர் சீனக் கணக்கில் நீரைச் சிறையிட்டவர் ஆகிறார். போதாக்குறைக்கு, 1980களில் அமெரிக்காவில் லின் யுன் என்பார் பரப்பிய முறை திசைகாட்டியையே நாடாது. வாயிற்படியிலிருந்து மூலைகளை எண்ணும். இம்மூன்றையும் வேறுபாடு சொல்லாமல் ஒரே நூலில் கலந்து தருவோர் உளர். படிப்பவர் எதைக் கொள்வார்?

‘யின்’, ‘யாங்’ என்னும் சொற்களும் இவ்வாறே அல்லற்படுகின்றன. பெண்ணாற்றல், ஆணாற்றல் என்று பெயர்த்து, வீட்டில் இவை சமநிலை பெறவேண்டும் என எழுதுவர். அது பின்வந்த விரிவுப் பொருள். அச்சொற்களின் பழம்பொருள் மலையின் நிழற்பக்கம், வெயிற்பக்கம் என்பதே. இதனை அறிந்தால், சமநிலை என்பது வெளிச்சமும் நிழலும் அளவோடு அமைதல் என்று எளிதில் விளங்கும். பினாங்கு லீத் தெருவில் சோங் பாட் சீ (1840–1916) கட்டிய நீலமாளிகையைக் கண்டவர்க்கு விளக்கமே வேண்டா. அதன் முற்றங்களில் வானம் தெரியும். மழைநீர் உள்ளே வீழ்ந்து வடியும். வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேறும். அக்கலை இந்நாட்டின் தட்பவெப்பத்தோடு கைகோத்த இடம் அது.

இதைக் கற்பிப்பதை விட்டு, முக்கால் தவளையையும் எண்கோணக் கண்ணாடியையும் பரிகாரமென எழுதுவது வாணிகம். அடுக்குமாடியில் குடியேறும் ஏழைக் குடும்பத்தின் கதவு எத்திசை நோக்கும் என்பதைக் கட்டியவர் முன்பே முடிவு செய்துவிட்டார். எஞ்சியது கண்ணாடி வாங்கும் உரிமை ஒன்றே. தோட்டத்து லயங்களில் ஒரே வரிசை வீடுகள் யாவும் ஒரே திசை நோக்கின. அவற்றிலிருந்து ஆசிரியரானவரும் உண்டு, வட்டிக்காரனிடம் சிக்கியவரும் உண்டு.

கோலாலம்பூர் 3 பாகை வடக்கிலேயே உள்ளது. ஞாயிறு ஆண்டின் ஒரு பாதி வடவானிலும் மறு பாதி தென்வானிலும் உச்சியை ஒட்டிச் செல்லும். சுவரைச் சுடுவது காலைக் கிழக்கும் மாலை மேற்குமே. பீக்கிங்கின் தெற்கு வாயிலை இங்கே விதியாக்க நியாயமில்லை. இனி வரும் பதிப்புகளிலேனும் ‘பெங் சுயி’ என்றே பெயரிட்டு, எந்த விதி எம்மரபினது, எந்நிலத்திற்கு எழுந்தது என்பதை ஆசிரியர்கள் ஒவ்வொன்றின் கீழும் குறித்தல் வேண்டும்.